வகுப்பா, புத்தகமா, கைப்பேசியா, முகப்புத் திண்ணையா: ரீசனிங் புதிர்களை எங்கே போட்டுப் பழகுவது?

சென்ற மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முதல் ஆள் கானாடுகாத்தானில் ஒரு பெண். பி.காம். முடித்துவிட்டு வங்கி எழுத்தர் தேர்வுக்குப் படிக்கிறாள். "அக்கா, காரைக்குடியில் வகுப்பில் சேரட்டுமா, வீட்டிலேயே புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்கட்டுமா?" என்றாள். இரண்டாவது, தேவகோட்டையில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் தம்பி. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வை இரண்டாம் முறை எழுதப் போகிறான். ரீசனிங்குக்கென்று, அதாவது யோசித்து விடை பிடிக்கும் தர்க்க வினாக்களுக்கென்று, ஒரு செயலிக்குப் பணம் கட்டலாமா என்பது அவன் சந்தேகம். மூன்றாவது, பள்ளத்தூரில் ஒரு தகப்பனார். மகன் நாள் முழுவதும் கைப்பேசியில் புதிர்க் காணொளிகளைப் பார்க்கிறானாம். அது படிப்பா, பொழுதுபோக்கா என்று கேட்டார்.

என் தகுதியையும் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வங்கித் தேர்வை மூன்று முறை எழுதினேன், மூன்றாம் முறை தேறினேன். முதல் இரண்டு முறையும் என்னைக் கவிழ்த்தது ரீசனிங்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டையூரில் எங்கள் வீட்டு முகப்பில் நாலைந்து பேர் கூடிப் புதிர் போடுகிறோம். ஆகவே திண்ணைப் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இந்த ஊர்களில் வங்கித் தேர்வு என்றாலே எனக்கு ஒரு சிரிப்பு வரும். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று இடங்களில் ஒரே நாளில் திறக்கப்பட்டது. அதற்கும் முன்னால் இங்கிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடைக்குப் போன பையன்கள் எடுபிடியான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, உதவிக்கு நிற்கும் அடுத்தாளாகி, அப்புறம் கடையையே பார்த்துக்கொள்ளும் ஆளாக உயர்ந்தார்கள். அவர்களிடம் யாரும் 20 நிமிடத்தில் 35 வினாவுக்கு விடை கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது?

எந்தத் தேர்வு? இதைக் கேட்காமல் "எது சிறந்த வழி" என்று பேசுவது வீண். ரீசனிங் என்று பெயர் ஒன்றுதான், தேர்வுக்குத் தேர்வு சரக்கு வேறு.

வங்கி எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் ரீசனிங்குக்கு 35 வினா, 20 நிமிடம். வினா ஒன்றுக்கு 34 வினாடி. அந்த 20 நிமிடம் தனிக் கடிகாரம். ஆங்கிலத்தில் மிச்சம் பிடித்த நேரத்தை இங்கே கொண்டுவர முடியாது. தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் கழியும். இருக்கை வரிசை, மாடிக் கட்டடத்தில் யார் எந்தத் தளம், யாருக்கு எந்தக் கிழமை என்ற வகைப் புதிர்களே பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும்.

குரூப் 4-இல் 200 வினா, 3 மணி நேரம். அதில் திறனறிவும் மனக்கணக்கு நுண்ணறிவும் 25 வினா. அந்த 25-இலும் சதவீதம், வட்டி, பரப்பளவு, வேலையும் நேரமும் போகத்தான் மீதி புதிர், பகடை, எண் வரிசை எல்லாம். தவறுக்குக் கழிவு இல்லை. சராசரி பார்த்தால் இங்கேயும் வினாவுக்கு 54 வினாடிதான். ஆனால் தமிழ்ப் பகுதியில் பத்து வினாடியில் விடை தெரியும் வினாக்கள் ஏராளம். அங்கே சேமித்ததை இங்கே செலவழிக்கலாம். வங்கித் தேர்வில் அந்தக் கைமாற்று கிடையாது.

மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வின் முதல் கட்டத்தில் 60 நிமிடத்தில் 100 வினா, அதில் 25 ரீசனிங். இரண்டு மதிப்பெண் வினா தவறானால் அரை மதிப்பெண் போகும். ஒப்புமை, குறியீடு, கண்ணாடிப் பிம்பம், மடித்து வெட்டிய தாள் என்று சின்னச் சின்னதாக வரும், நீளமான புதிர் குறைவு. ரயில்வேயில் எழுத்தர், நிலையப் பணிகளுக்கான என்.டி.பி.சி. தேர்வின் முதல் கட்டத்தில் 90 நிமிடத்தில் 100 வினா, 30 ரீசனிங், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு.

உங்கள் நோய் எது? முறையே தெரியாதது ஒரு நோய். முறை தெரிந்தும் ஒரு புதிரில் ஒன்பது நிமிடம் உட்கார்ந்துவிடுவது இன்னொன்று. வேகமாகப் போட்டு "இடப்பக்கம்" என்பதை "வலப்பக்கம்" என்று படித்துவிடுவது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு. எனக்கு இரண்டாவது நோய் இருந்தது, நான் முதலாவதற்கு மருந்து வாங்கிச் சாப்பிட்டேன்.

தவறை யார் காட்டுவார்? விடை தவறு என்று புத்தகத்தின் கடைசிப் பக்கம் சொல்லும். எந்த வரியில் தடம் மாறினீர்கள் என்று அது சொல்லாது.

மறைந்த செலவு. கட்டணம் கண்ணுக்குத் தெரியும். பேருந்து நிறுத்தத்தில் நின்ற நேரம் தெரியாது.

ஆறு மாதம் தாங்குமா? இதைக் கடைசியில் வைத்தாலும் பலருக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

## ஒரு பந்தி, ஆறு பேர்

வழிகளுக்குள் போகும் முன் ஒரு புதிரைப் போட்டுப் பார்ப்போம். இது நானே கட்டியது. கல்யாண வீட்டில் ஆறு பேர் ஒரே வரிசையில் வடக்குப் பார்த்துப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வள்ளியப்பன், மெய்யப்பன், அழகப்பன் ஆண்கள். மீனாள், உமையாள், சிகப்பி பெண்கள்.

- சிகப்பி ஏதோ ஓர் ஓரத்தில் இருக்கிறாள்.
- சிகப்பியை ஒட்டி உட்கார்ந்திருப்பவர் ஆண் இல்லை.
- வள்ளியப்பனுக்கும் மீனாளுக்கும் நடுவே இரண்டு பேர்.
- மீனாளுக்கு வலப்பக்கம் ஒட்டி உமையாள்.
- வள்ளியப்பனுக்கு வலப்பக்கம் ஒட்டி மெய்யப்பன்.
- அழகப்பனும் வள்ளியப்பனும் அடுத்தடுத்து இல்லை.

பெரும்பாலோர் கொடுத்த வரிசையிலேயே தொடங்குவார்கள். சிகப்பியை இடது ஓரத்தில் வைத்து ஒரு படம், வலது ஓரத்தில் வைத்து ஒரு படம். பிறகு அவளுக்குப் பக்கத்தில் மீனாளா உமையாளா என்று ஒவ்வொன்றும் இரண்டாகக் கிளைக்கும். மூன்றாவது குறிப்புக்கு வருவதற்குள் தாளில் பாதி போய்விடும்.

இப்படிப் பாருங்கள். மூன்றாம், நான்காம், ஐந்தாம் குறிப்புகளை முதலில் ஒட்டவைக்கிறோம். வள்ளியப்பனும் மெய்யப்பனும் ஒரு கட்டு. மீனாளும் உமையாளும் ஒரு கட்டு. நடுவே இரண்டு பேர் என்ற கணக்கைச் சேர்த்தால் வள்ளியப்பன், மெய்யப்பன், காலி, மீனாள், உமையாள் என்று ஐந்து இருக்கை நீளத்துக்கு ஒரே துண்டு கிடைக்கிறது. அல்லது மீனாள், உமையாள், காலி, வள்ளியப்பன், மெய்யப்பன். அதுவும் ஐந்து. ஆறு இடத்தில் ஐந்து இடத் துண்டை வைத்தால் ஒரே ஓர் ஓரம்தான் மிஞ்சும். சிகப்பிக்கு ஓரம் வேண்டும், அந்த ஓரம் அவளுடையது. நடுவில் இருக்கும் காலி அழகப்பனுக்கு. இதுவரை ஒரே ஒரு முறைதான் கிளை பிரிந்திருக்கிறது.

துண்டு இரண்டு, வைக்கும் இடம் இரண்டு, ஆக நான்கு வாய்ப்பு. சிகப்பிக்குப் பக்கத்தில் ஆண் கூடாது என்றதும் இரண்டு அடிபடுகின்றன. மிஞ்சுபவை: இடமிருந்து வள்ளியப்பன், மெய்யப்பன், அழகப்பன், மீனாள், உமையாள், சிகப்பி. அல்லது சிகப்பி, மீனாள், உமையாள், அழகப்பன், வள்ளியப்பன், மெய்யப்பன். கடைசிக் குறிப்பு இரண்டாவதைத் தள்ளிவிடுகிறது. முதல் வரிசைதான் விடை.

இதைத் திண்ணையில் உரக்கப் படித்தபோது உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அப்பத்தா, "இத்தனை யோசித்து உட்காருவதற்குள் இலையில் சோறு ஆறிவிடுமே" என்றார். தேர்வு அறையிலும் அதேதான் நடக்கிறது. இந்தப் புதிர் யாருக்கும் போட முடியாதது அல்ல. மூன்று நிமிடத்தில் போடுகிறவருக்கும் ஒன்பது நிமிடத்தில் போடுகிறவருக்கும் உள்ள வேறுபாடு, எந்தக் குறிப்பை முதலில் எடுப்பது என்பதில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. நாலைந்து குறிப்பையும் படித்தபின் ஒட்டவைக்க எதுவுமே கிடைக்கவில்லை என்றால், அந்தப் புதிரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இப்போது ஒவ்வொரு வழியும் இந்த இரண்டையும் எப்படிக் கற்றுத் தருகிறது என்று பார்ப்போம்.

## தனியே, புத்தகத்தோடு

மிகக் குறைந்த செலவு. முறை தெரியாதவருக்கு முதல் மருந்து இதுதான் என்பேன். ஒரு வகைக்கு ஐம்பது கணக்கு வரிசையாக, எளிதிலிருந்து கடினத்துக்குப் போட வேறு எந்த வழியும் இவ்வளவு நிதானமாக இடம் கொடுக்காது.

குரூப் 4 எழுதுபவருக்குப் புத்தகமே முக்கால்வாசி போதும். தேர்வாணையம் தன் பழைய வினாத்தாள்களையும் உத்தேச விடைகளையும் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. சமச்சீர் 6, 7, 8-ஆம் வகுப்புக் கணிதப் புத்தகங்களில் 'தகவல் செயலாக்கம்' என்ற இயல் இருக்கிறதே, அதைப் பலர் புரட்டுவதே இல்லை. முதலில் அதை முடியுங்கள்.

வங்கித் தேர்வுக்கு நிலைமை வேறு. தேர்வை நடத்தும் ஐ.பி.பி.எஸ். நிறுவனம் வினாத்தாளை வெளியிடுவதில்லை. "முந்தைய ஆண்டு வினாக்கள்" என்று புத்தகத்தில் போட்டிருப்பவை தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்தவர்களின் நினைவிலிருந்து திரட்டியவை. ஒரு குறிப்பு விடுபட்டிருந்தால் அந்தப் புதிருக்கு விடையே இராது. நான் ஒரு முறை இரவு பதினொன்று வரை ஒரே புதிரோடு மல்லுக்கு நின்று, மறுநாள் வேறொரு புத்தகத்தில் அதே புதிரைப் பார்த்தபோது என் புத்தகத்தில் ஒரு வரியே காணாமல் போயிருந்தது தெரிந்தது. பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கியது அது. ரீசனிங்கில் பழைய பதிப்பு வாங்காதீர்கள். கூற்றுகளைக் கொடுத்து எந்த முடிவு சரி என்று கேட்கும் வகையில் 'சில மட்டுமே' என்று வரும் புதிய மாதிரி பழைய பதிப்புகளில் இராது.

மறைந்த செலவு இன்னொன்று மொழியில் இருக்கிறது. 'இடமிருந்து மூன்றாவது' என்றால் வரிசையின் இடது ஓரத்திலிருந்து எண்ண வேண்டும். 'அவனுக்கு இடப்பக்கம் மூன்றாவது' என்றால் அவனிடமிருந்து எண்ண வேண்டும். அவசரத்தில் மொழிபெயர்த்த தமிழ்ப் புத்தகங்கள் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுகின்றன. எழுத்தர் தேர்வைத் தமிழில் எழுதலாம், அதிகாரி தேர்வுக்கு ஆங்கிலமும் இந்தியும்தான். எந்த மொழியில் எழுதப் போகிறீர்களோ அந்த மொழியில் பழகுங்கள். உறவு வினாக்களில் இது இன்னும் கடிக்கும். ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்ற ஒரே சொல்லுக்குள் சித்தப்பா, பெரியப்பா, அம்மான் எல்லாரும் அடங்கிவிடுகிறார்கள். நம் மூளை உடனே ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும், அவர் தவறான ஆளாக இருப்பார்.

புத்தகத்தில் கடிகாரம் இல்லை, 'இதை விடு' என்று சொல்ல ஆளும் இல்லை. இரண்டாம் நோய்க்காரர் தனியே உட்கார்ந்து படித்தால் நோய் முற்றும். எந்தப் புதிரையும் விடாமல் முடிப்பதுதான் அவர் பெருமை.

## காரைக்குடியில் வகுப்பு

சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்கெல்லாம் வகுப்பு என்றால் காரைக்குடிதான். வகுப்பின் பெரிய பலம் பாடம் அல்ல, நாள் தவறாமல் போக வேண்டியிருப்பது. வீட்டில் இருந்தால் யாராவது கூப்பிடுவார்கள், சிலிண்டர் வரும், விருந்தாள் வருவார். வகுப்பில் இருக்கும் இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிட மாட்டார்கள். பெண்பிள்ளைகளுக்கு இது சிறிய விஷயமில்லை.

ஆனால் புதிர் என்று வரும்போது பலகைக்கு ஒரு குறை உண்டு. ஆசிரியர் புதிரை முன்பே போட்டுப் பார்த்துவிட்டு வருகிறார். எந்தக் குறிப்பில் தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், நேரே அங்கே போகிறார். அவர் வீட்டில் தடுமாறிய மூன்று தப்பு வழிகளை நாம் பார்ப்பதே இல்லை. பார்க்கும்போது எல்லாம் புரியும். வீட்டுக்கு வந்து புதிய புதிரை எடுத்தால் முதல் குறிப்பிலேயே நிற்போம். நான் சேர்ந்த வகுப்பில் அறுபது பேர். என் கையெழுத்துத் தாளை ஒரு நாளும் யாரும் பார்த்ததில்லை. அது ஆசிரியரின் குற்றமில்லை, அறுபது பேர் தாளை யாராலும் பார்க்க முடியாது.

பயணக் கணக்குக்கு வருவோம். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று நினைப்போம். கானாடுகாத்தானிலிருந்து போய்வர, நிறுத்தத்தில் நிற்பதையும் சேர்த்து, நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் 26 நாள் போனால் 52 மணி நேரம். 20 நிமிடத் தேர்வுகளாகக் கணக்கிட்டால் 156 தேர்வுக்கான நேரம் சாலையில் போகிறது. அந்த நேரத்தில் வீட்டில் நிச்சயமாகப் படித்திருப்பீர்களா என்பது வேறு கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

சேரும் முன் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை நேரக்கட்டுப்பாட்டுத் தேர்வு, வங்கிக்கும் குரூப் 4-க்கும் ஒரே வகுப்பா, தவறவிட்ட வகுப்புக்கு என்ன வழி என்று கேளுங்கள். வங்கிக்காரர்களையும் குரூப் 4-காரர்களையும் ஒன்றாக உட்காரவைத்து ரீசனிங் நடத்தும் இடத்தில் ஒரு சாராருக்கு நிச்சயம் நஷ்டம்.

கட்டணம் கட்ட முடியாதவர்கள் இரண்டை மறக்க வேண்டாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்புகள் உண்டு. நமக்கு அது சிவகங்கையில். காரைக்குடிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அதுவே ஒரு பயணம். மற்றொன்று தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தின் போட்டித் தேர்வுப் பிரிவு. வங்கி, ரயில்வே, எஸ்.எஸ்.சி. தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி உண்டு. அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்துவிடுங்கள்.

## கைப்பேசி

கைப்பேசி என்று பொதுவாகப் பேசுவதில்தான் குழப்பமே. அதில் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று காணொளி, மற்றொன்று மாதிரித் தேர்வு.

காணொளி என்பது இலவச வகுப்பு. பலகையின் குறை எல்லாம் அதற்கும் உண்டு. கூடவே ஒரு மயக்கமும் உண்டு. ஒரு மணி நேரம் பார்த்தால் பத்துப் புதிர் போட்ட களைப்பு வரும், ஒன்றுகூடப் போட்டிருக்க மாட்டோம். வினா திரையில் வந்ததும் நிறுத்தி, நான்கு நிமிடம் தாளில் போட்டுவிட்டுப் பிறகு பார்ப்பவருக்கு மட்டும் அது படிப்பு.

மாதிரித் தேர்வு வேறு சாதி. வங்கித் தேர்வுக்கு இதற்கு மாற்றே இல்லை என்று துணிந்து சொல்வேன். எதை விடுவது என்ற பாடத்தைப் பக்கத்தில் ஓடும் கடிகாரம் கற்றுத் தருவதுபோல வேறு யாரும் கற்றுத் தருவதில்லை. என் மூன்றாம் முறையில் மாறியது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்குப் பிறகும் நோட்டில் ஒரு வரி எழுதினேன்: எந்தப் புதிரை எடுத்தேன், எத்தனை நிமிடம், விட்டிருக்க வேண்டுமா. இரண்டு மாதத்தில் என் பலவீனம் எனக்கே தெரிந்துவிட்டது. வட்டமேசையில் சிலர் உள்ளே பார்த்தும் சிலர் வெளியே பார்த்தும் உட்காரும் புதிர் எனக்கு ஏழு நிமிடத்துக்குக் குறைந்து வந்ததே இல்லை. அதை விட்டேன். தேறினேன்.

விடுவதிலும் ஊகிப்பதிலும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஐந்து விடைகள் இருந்து கால் பங்கு கழியும் தேர்வில், கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியில் வரவும் இல்லை, செலவும் இல்லை. ஒரு விடையையாவது உறுதியாகத் தள்ள முடிந்தால் குறிப்பது லாபம். குரூப் 4-இல் இந்த யோசனையே தேவையில்லை, ஒரு வினாவையும் விடையின்றி விடக் கூடாது.

கைப்பேசியின் மறைந்த செலவுகள்: தானாகப் புதுப்பித்துக்கொண்டு கணக்கில் பணம் எடுக்கும் சந்தா, தரவரிசையைப் பார்த்து மனம் சோர்ந்துபோகும் நாள்கள், நடுவில் வரும் கல்யாணப் பத்திரிகைச் செய்திகள். இன்னொன்று பலருக்குத் தேர்வு அறையில்தான் தெரிகிறது. அங்கே கணினித் திரையும் சுட்டியும்தான், கைப்பேசி இல்லை. புதிர் ஒரு பக்கம், வினா ஒரு பக்கம், படம் போட மேசைமேல் தாள். கடைசி மாதத்தில் ஐந்தாறு தேர்வையாவது கணினியில் எழுதிப் பாருங்கள். வீட்டில் இல்லையென்றால் இணைய மையத்துக்குப் போய் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கொடுப்பது நல்ல செலவு.

## முகப்பில் நாலு பேர்

எங்கள் முகப்பில் ஆத்தங்குடிக் கல் பாவியிருக்கிறது. பூப்போட்ட சதுரம் சதுரமாக. ஒரு சதுரம் ஓர் இருக்கை. பெயர் எழுதிய துண்டுத் தாள்மேல் புளியங்கொட்டை ஒன்றை வைத்துவிட்டால் காற்றில் பறக்காது. ஒருவர் குறிப்பைப் படிப்பார், இன்னொருவர் நகர்த்துவார், மற்றவர்கள் "ஏன் அங்கே வைத்தாய்" என்று கேட்பார்கள். அந்த "ஏன்" என்ற கேள்விதான் இந்த வழியின் முழு மதிப்பும். பலகையிலும் புத்தகத்திலும் கிடைக்காத தப்பு வழிகள் இங்கே கண்முன்னால் கிடக்கும். எதிரெதிர் வரிசைப் புதிர் வந்தால் இரண்டு பேர் உண்மையிலேயே எதிரெதிரே உட்கார்ந்துவிடுவோம். தெற்குப் பார்த்தவரின் வலக்கை மேற்கில் இருப்பது ஒரு முறை உட்கார்ந்து பார்த்தால் பிறகு மறக்காது.

மூன்றாம் நோய்க்கு, அதாவது தவறாகப் படிப்பவருக்கு, இதைவிட நல்ல மருந்து நான் கண்டதில்லை. உரக்கப் படிக்கும்போது கண் ஏமாற்றியதைக் காது பிடித்துவிடும்.

செலவும் உண்டு. குழுவில் வேகமான ஒருவர் இருந்தால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். அதனால் விடை தெரிந்தவர் வாயைத் திறக்கக் கூடாது, தாளைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று எங்களிடம் ஒரு கட்டுப்பாடு. தேன்குழல் வந்தால் பேச்சு திசைமாறும். தையிலும் வைகாசியிலும் கல்யாணம் வந்துவிட்டால் பங்காளிகள் எல்லாரும் வந்து இறங்குவார்கள், முகப்பில் நமக்கு இடமிராது. வருடத்தில் இரண்டு மூன்று மாதம் இப்படி அறுந்துபோகும். புளியங்கொட்டையைத் தேர்வு அறைக்குக் கொண்டுபோக முடியாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. முதல் மாதம் சதுரத்தில், பிறகு தாளில் மட்டும் என்று மாறிக்கொள்ள வேண்டும்.

பகடை வினாவுக்குத் தாயம் ஆடினால் உதவுமா என்று ஒரு பையன் கேட்டான். உதவாது. நம் தாயக்கட்டைக்கு நான்கு முகம், தேர்வில் வருவது ஆறு முகம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | புத்தகம் | வகுப்பு | மாதிரித் தேர்வு | திண்ணைக் குழு |
|---|---|---|---|---|
| முறை கற்க | மிக நன்று | நன்று | உதவாது | நன்று |
| வேகம், விடுதல் | உதவாது | தேர்வு வைத்தால் மட்டும் | இதற்கு ஈடில்லை | குறைவு |
| தவறின் இடம் தெரிய | விளக்கம் இருந்தால் | கூட்டம் குறைந்தால் | நோட்டில் எழுதினால் | மிக நன்று |
| மறைந்த செலவு | பழைய பதிப்பு, அச்சுப் பிழை | பயண நேரம் | சந்தா, கவனச் சிதறல் | பேச்சு, கல்யாண மாதங்கள் |
| குரூப் 4-க்கு | இதுவே முதல் வழி | கணக்கும் சேர்த்துத் தேவையென்றால் | வட்டங்களைக் கருப்பாக்கும் ஓ.எம்.ஆர். விடைத்தாளில் வீட்டிலேயே | துணைக்கு |
| வங்கிக்கு | முதல் இரண்டு மாதம் | தொடக்கக்காரருக்கு | கடைசி மூன்று மாதம் கட்டாயம் | வாரம் ஒரு நாள் |

## கேட்ட மூவருக்கும்

கானாடுகாத்தான் பெண்ணிடம் முதலில் ஒரு தேர்வு எழுதிப் பார்க்கச் சொன்னேன். இலவச மாதிரித் தேர்வு ஒன்று, 20 நிமிடம், பிறகு அதே 35 வினாவை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் மறுபடி. முதலில் 9 சரி, இரண்டாம் தடவை 27. முறை தெரிகிறது, கடிகாரம்தான் பகை. அவளுக்கு வகுப்பு வேண்டாம் என்றேன். இரண்டாம் தடவையும் 12-தான் வந்திருந்தால் மறுநாளே போய்ச் சேர் என்று சொல்லியிருப்பேன். ஆனால் வீட்டில் படிக்க விடுவார்களா என்று கேட்டதற்கு அவள் சற்று நேரம் பேசவில்லை. அதனால் இறுதியில் வாரம் மூன்று நாள் நடக்கும் வகுப்பு, மற்ற நாளில் மாதிரித் தேர்வு என்று முடிவானது. கணக்குப்படி இது சரியான முடிவு அல்ல. அவள் வீட்டுப்படி இதுதான் சரி.

தேவகோட்டைத் தம்பிக்குச் சந்தா வேண்டாம். குரூப் 4-இன் 25 வினாவில் ஒரு பகுதிக்காக ஆண்டுச் சந்தா கட்டுவது ஆட்டுக்குட்டியைவிடக் கயிற்றுக்கு அதிக விலை கொடுப்பது. பழைய வினாத்தாள்களை இறக்கி அச்சிட்டுக்கொள்ளட்டும். கடையில் மதியம் கூட்டமில்லாத ஒரு மணி நேரத்தில் நாளுக்கு 25 வினா. மிஞ்சும் நேரமும் பணமும் தமிழ்ப் பகுதிக்குப் போகட்டும். அங்கே 100 வினா காத்திருக்கிறது.

பள்ளத்தூர்த் தகப்பனாருக்கு ஒரு சோதனை சொன்னேன். மகனிடம் வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, மேலே உள்ள பந்திப் புதிரைக் கைப்பேசி இல்லாமல் போடச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்குள் போட்டால் அவன் பார்ப்பது படிப்புதான், மாதிரித் தேர்வு வாங்கிக் கொடுங்கள். இல்லையென்றால் காணொளியை ஒரு மாதம் நிறுத்திவிட்டுப் புத்தகத்தில் தொடங்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரே கூப்பிட்டார். மகன் ஆறு நிமிடத்தில் போட்டுவிட்டானாம். சிக்கல் அவருக்குத்தான். நேற்றிரவு தானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "எனக்குச் சிகப்பி மேற்கு ஓரத்தில்தான் வருகிறாள் அம்மா, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?" என்றார். கடைசிக் குறிப்பை மறுபடி படிக்கச் சொன்னேன். தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது.